திண்டுக்கல் வந்த கப்பல்காரிகள்

பகல் ஒன்று நாற்பதுக்கு, பிரியாணிக் கடை வாசலிலேயே எங்கள் வாடகை வேன் புகை கக்கி நின்றுவிடுகிறது. ஐப்பசியில் தோழிகள் மூவரோடு கப்பல் பயணம் வந்திருக்கிறேன். காலையில் தூத்துக்குடியில் கப்பல் நின்றதும் மற்றவர்கள் கடற்கரைக்குப் போனார்கள். நாங்கள் பிரியாணிக்காகத் திண்டுக்கல் வந்துவிட்டோம். இங்கிருந்து துறைமுகத்துக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம்; மாலை ஏழு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். வர மறுத்துத் தூங்கிவிட்ட என் பதினைந்து வயது மகள் அதில் இருக்கிறாள். நாங்கள் போய்ச் சேராவிட்டால் அவள் தனியாகப் போவாள்.

கைபேசியில் கணவர் கத்துகிறார். “ஒரு பிரியாணிக்காகப் பிள்ளைய விட்டுட்டுப் போனியா?”

“ஆமா, போனேன்.” மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு தோழிகளோடு வந்த முதல் பயணம் இது.

கடைக்கார பாய் இலை போடுகிறார். “மெக்கானிக் வரச் செத்த நேரமாகும். சாப்ட்டுட்டுப் பதறுங்கக்கா.”

“தொண்டையில எறங்குமா பாய்?”

“சீரகச் சம்பா. தானா எறங்கும்.”

இறங்குகிறது. மறுசோறு கேட்கிறேன்.

“கண்ணுல தண்ணி, கையில எலும்பு” என்கிறாள் தோழி வசந்தி.

மெக்கானிக் வந்து, வண்டி இன்றைக்கு நகராது என்று கைவிரிக்கிறார். எழுந்து நிற்கிறேன்.

அப்போதுதான் பாயின் தம்பி, கல்யாண வீட்டில் பிரியாணி அண்டாவை இறக்கிவிட்டுக் காலி வேனோடு வருகிறார். விஷயம் கேட்டதும் பின்கதவைத் திறக்கிறார்.

“ஏறுங்கக்கா. அண்டா இருந்த எடத்துல நாலு பேரு தாராளமா உக்காரலாம். நான் ஏத்துன பிரியாணி ஒருநாளும் பந்திக்குப் பிந்துனதில்ல. நீங்க பிந்திருவீங்களா?”