கடைசிச் சுற்றில் விலகிய ஹெலிகாப்டர்

செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்த காலையில் கல்லூரியில் எங்கள் இயற்பியல் துறை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் செல்லமுத்துவின் மனைவி சரோஜா. "அவரு போயிட்டாருங்க மேடம். காப்பி குடிச்சுப்போட்டு உக்காந்தாரு, அப்படியே சாஞ்சுட்டாரு" என்றார். அழவில்லை. அழுகைக்கு முன்னால் பத்துப் பேருக்காவது சொல்லி முடிக்க வேண்டும் என்கிற அவசரம் அந்தக் குரலில் இருந்தது.

நம் படகுப் பந்தயக் குழுவின் இந்தச் செய்திமடலைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்குப் புகைப்படக்காரர் செல்லமுத்துதான் கல்யாணப் படம் எடுத்தவர். தைரியசாலிகளை இந்தக் குழுவில் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. பயத்தை இவ்வளவு ஒழுங்காகக் கையாண்ட ஒரு மனிதரை மட்டும் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஆனைமலைப் பக்கத்து அணை ஒன்றில் மோட்டார் படகுப் பந்தயம் நடத்தினோம். நான் நேரம் குறிப்பவள். மேலிருந்து படமெடுக்கப் பெங்களூரிலிருந்து ஹெலிகாப்டர் வருவதாக ஏற்பாடு. அதில் ஏறப்போகிறவர் செல்லமுத்து. அதுவரை படம் எடுக்க அவர் ஏறிய அதிகபட்ச உயரம் கல்யாண மண்டபத்து மொட்டைமாடி. பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கல்லூரிக்கு வந்து, ஹெலிகாப்டர் தள்ளும் காற்று படகின் மேல் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். தன் எடையைத் தாங்கும் அளவுக்கு அது காற்றைக் கீழே தள்ளுகிறது, ஆகவே படகை அமுக்கும், வேகம் குறையும், அவ்வளவுதான் என்று வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு போனார்.

நான்கு நாள் கழித்துச் சரவணம்பட்டியில் தன் மைத்துனர் தோட்டத்துக்கு வரச் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இரண்டு மூங்கில்களின் குறுக்கே மேசை விசிறி ஒன்று குப்புறக் கட்டப்பட்டிருந்தது. ஈரம் படாமல் வயர் முழுவதும் பிளாஸ்டிக் சுற்றியிருந்தார். சுவிட்சை விட்டுக் கண்ணெடுக்கக் கூடாது என்று மைத்துனரை அதன் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார். தெர்மாகோலில் செதுக்கிய படகை நூலில் கட்டி விசிறியை நோக்கி வேகமாக இழுத்தார். விசிறிக்கு நேர்கீழே போனபோது நான் சொன்னபடி அமுங்கியது. ஆனால் பெரும்பாலான தடவை அது அங்கே போய்ச் சேரவே இல்லை. வழியிலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாந்தது.

"காத்து தண்ணியில பட்டு நாலாப் பக்கமும் ஓடுதுங்க மேடம். எதுக்க வர்ற படகுக்கு அடியில பூந்து தூக்கிப்போடுது" என்றார். பிறகு, நான் வருத்தப்படுவேனோ என்று, "நீங்க சொன்னது தப்பில்லீங்க. பாதி சொல்லீட்டீங்க" என்றார்.

இருபது ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறவள் நான். தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

பைலட் விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ் அரைகுறை. அவரோடு செல்லமுத்து செய்துகொண்ட ஒப்பந்தம் இரண்டே வரி. படகுகளுக்கு முன்னால் போகும்போது மூன்று தென்னை மர உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. தோளில் இரண்டு முறை தட்டினால், ஏன் என்று கேட்காமல் மேலே ஏற வேண்டும். "கேமராவுக்குள்ள பாக்கறவன் பாதிக் குருடனுங்க. அவன் பேச்சக் கேட்டு எறங்கக்கூடாது, ஏறச் சொன்னா மட்டும் ஏறிரோணும்" என்பார்.

ஒத்திகை நாளன்று பூசை. நம் ஊரில் புது லேத் வந்தாலும் லாரி வந்தாலும் மாலை போடாமல் ஓட்டுவதில்லை. நம் அப்போதைய செயலாளர் ஹெலிகாப்டருக்குச் சாமந்தி மாலை போட்டு, வால் பக்கம் ஒரு பட்டுத் துண்டும் கட்டிவிட்டார். கற்பூரம் காட்டும்வரை செல்லமுத்து கைகூப்பி நின்றார். பிறகு மாலையையும் துண்டையும் தன் கையாலேயே அவிழ்த்து, உதிர்ந்த பூவைக்கூடப் பொறுக்கி எடுத்தார். செயலாளரின் முகம் கறுத்தது. "சாமி கோவிச்சுக்காதுங்க. வால்ல சுத்தற காத்தாடிதான் கோவிச்சுக்கும். இந்தத் துண்டு அதுல சுத்துச்சுன்னா அப்புறம் மாலை நமக்குத்தானுங்க" என்றார் செல்லமுத்து.

இத்தனை யோசித்தவரும் யோசிக்காத ஒன்று அன்று நடந்தது. இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்திருக்கும் கணேசன் அப்போது நம் படகு ஓட்டுநர்களில் இளையவர். அவர் தங்கை கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் செல்லமுத்து. தலைக்கு மேல் ஹெலிகாப்டர் வந்ததும் கணேசன் நிமிர்ந்து பார்த்தார். ஆளைத் தெரிந்துகொண்டதும் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையாலும் வணக்கம் வைத்தார். படகு கரையை நோக்கித் திரும்பிவிட்டது, எப்படியோ சமாளித்தார். கரையேறியபின் செல்லமுத்து அவரைத் தனியே அழைத்துக் கேட்டபோது, "பெரியவங்களைப் பாத்துப்போட்டு கையெடுக்காம எப்படிங்கண்ணா?" என்றார் கணேசன். "மேல நானில்லை கண்ணு. காக்கா பறக்குதுன்னு நெனச்சுக்க" என்றார் செல்லமுத்து. அன்று சாயங்காலம் எல்லா ஓட்டுநர்களிடமும் தனித்தனியாகப் போய்த் தான் ஒரு காக்கா என்று சொல்லிவிட்டு வந்தார். சிரித்தார்கள். மறுநாள் பந்தயத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசிச் சுற்றில் முகம் தெரிகிறமாதிரி எதிரிலிருந்து ஒரு படம் வேண்டும், காலண்டருக்கு ஆகும் என்று செயலாளர் கேட்டிருந்தார். "பாக்கலாமுங்க" என்று செல்லமுத்து பதில் சொன்னார். நம் பக்கத்தில் அதற்கு முடியாது என்றுதான் பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கடைசிச் சுற்று. கணேசனின் படகும் இன்னொன்றும் ஒட்டி வந்தன. ஹெலிகாப்டர் அவற்றுக்கு முன்னால், பக்கவாட்டில் திரும்பியபடி போய்க்கொண்டிருந்தது. மெல்ல மெல்ல இறங்கியது. பைலட்டையும் பந்தயம் பிடித்துக்கொண்டுவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். ஒரு தென்னை மர உயரம்கூட இருந்திருக்காது. சட்டென்று மேலே ஏறி மலைப் பக்கம் விலகிப் போய்விட்டது. ஒரு விநாடிக்கும் குறைந்த வித்தியாசத்தில் கணேசன் ஜெயித்தார். அதை யாரும் படம் எடுக்கவில்லை. "பயந்துட்டானப்பா" என்றார் செயலாளர். நான் என் குறிப்பேட்டில், "கடைசிச் சுற்றில் ஹெலிகாப்டர் காரணமின்றி விலகியது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஒரு வாரம் கழித்துச் செல்லமுத்து ஒரே ஒரு படத்தை எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தார். பல்லைக் கடித்திருக்கும் கணேசனின் முகம் அவ்வளவு தெளிவு. நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரலை அதற்குக் கீழே வைத்துக் காட்டினார். படகுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. பகல் வெளிச்சம். தொட்டியில் மல்லாந்த தெர்மாகோல் படகுபோல் மூக்கு தூக்கியிருந்தது, பின்முனை மட்டும்தான் தண்ணீரில் இருந்தது.

"இதைப் பாத்தப்பத்தான் பைலட் தோள்ல தட்டுனனுங்க. தப்பு என்னுது. அவரு எறங்கறப்பவே தட்டியிருக்கோணும். படம் நல்லா வருதேன்னு ஒரு மூச்சு பொறுத்துட்டேன்" என்றார்.

அந்த நொடியில் ஸ்டியரிங் கையில் கனமில்லாமல் போனது என்றும், ஆனைமலை மாசாணியம்மன்தான் படகை இறக்கிவைத்தாள் என்றும் கணேசன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கணேசனிடம் இதைச் சொன்னீர்களா என்று செல்லமுத்துவைக் கேட்டேன். அவன் அம்மா கோயிலுக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்தாயிற்று, நடுவில் நாம் எதற்கு என்றார். செயலாளருக்குக் காட்டினீர்களா என்று கேட்டேன். "இதைக் காலண்டர்ல போட்டா அடுத்த வருசமும் இதே மாதிரி வேணும்பாங்க மேடம்" என்றார். குறிப்பைத் திருத்துகிறேன் என்றதற்கு, "இருக்கட்டுங்க. உங்க கண்ணுக்குத் தெரியாததைத் தெரியலீன்னுதானே எழுதுனீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். உண்மையில் நான் அப்படி எழுதவில்லை. காரணம் இல்லை என்று எழுதியிருந்தேன். அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

படத்தை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது. எந்தக் காலண்டருக்கும் தரமாட்டேன். சாவு வீட்டில் கணேசன் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். இதைப் படித்தபின் அவர் அம்மனை விட்டுவிட வேண்டியதில்லை. என் குறிப்பேட்டின் அந்த வரியை மட்டும், எழுதிய நானே இப்படித் திருத்துகிறேன்: கடைசிச் சுற்றில் படகுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது, ஹெலிகாப்டர் விலகியது.