இடது ஓரத்து ஊதாப் பூக்கள்

பணிமனையில் அவளை ‘ஹாரன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அவள் வண்டியின் ஹாரனை அடித்து யாரும் அதிகம் கேட்டதில்லை. ஜன்னல் வழியே ஒரு குரல் விட்டால் போதும், முன்னால் போகிற வண்டி தானாக ஒதுங்கிவிடும். அந்தக் குரலுக்கு வைத்த பெயர்.

குளிர்காலம் முடியப்போகும் சமயத்தில் ஒரு நாள், பள்ளிக்கூட வாசலில் திரும்பும்போது பேருந்தின் இடப்பக்கம் கேட் தூணில் உரசியது. உள்ளே குழந்தைகள் இல்லை. பெயிண்ட் போனதோடு சரி. “நான் நேராத்தான் வந்தேன், தூணுதான் நகந்து வந்துச்சு” என்று அவள் சொல்லப்போக, எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. கண் பரிசோதனை முழுதாக முடிந்து தாள் வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். கண் டாக்டரிடம் எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்துக் காட்டினாள். ஆனால் பக்கவாட்டுப் பார்வைக்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு, அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் வரச் சொன்னார்கள்.

வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை இல்லாவிட்டாலும் ஐந்து மணிக்குக் கண் விழித்துக்கொண்டது. துணி அலமாரியை இரண்டு முறை கலைத்து அடுக்கினாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அவள் கணவர் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர். ஒரே ஒரு பல்லின் வெள்ளைக்கு எந்த வெள்ளை பொருந்தும் என்று அரை மணி நேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மனுஷன்.

“என் காலுறைக்கு நீ இன்னைக்கு எந்த விலாசம் குடுத்திருக்க? சொன்னா போய்ப் பாத்துட்டு வருவேன்” என்று ஒரு காலை கேட்டார்.

“மேல் தட்டு. இல்ல, அதுக்குக் கீழ. ஏங்க, அந்த டாக்டர் ஆபீசுக்கு இன்னொரு தடவ போன் பண்ணட்டுமா?”

“நேத்துதானே பண்ணின.”

“நேத்து வேற ஆள் எடுத்தாங்க.”

இரண்டாவது வாரம் குளிர் சட்டென்று விட்டுக்கொடுத்தது. மண் இளகி ஈரவாசனை வந்தது. அவள் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். போன வருடத்துச் செடிகளின் தண்டுகள் காய்ந்து நின்றன. தக்காளிக்கு நட்ட குச்சிகள் கோணலாகக் கிடந்தன. மூலைகளில் அழுகின இலைகள் பாய்போல ஒட்டிக் கிடந்தன. ரோஜாவை வெட்ட ஆரம்பித்து, பாதியில் கத்திரியைக் கிளையிலேயே மாட்டிவிட்டு இலை வாரப் போனாள். வாரின இலையை அள்ளாமல் செங்கல் இடுக்கிலிருந்த பாசியைச் சுரண்ட உட்கார்ந்தாள். அதுவும் பாதிதான். எதைத் தொட்டாலும் கை அடுத்ததற்குப் பரபரத்தது.

“காஞ்ச தண்டையெல்லாம் இப்பவே வெட்டாதம்மா. உள்ள பூச்சி தூங்கிட்டிருக்கும். இன்னும் கொஞ்சம் வெயில் வரட்டும்” என்றார் கணவர்.

“எல்லாரும் தூங்கட்டும். நான் ஒருத்தி முழிச்சிருக்கேன்.”

பின்தோட்டத்திலிருந்து தெருக்கதவு வரை ஒரு குறுகலான செங்கல் பாதை. தெருப்பக்கமாக நடந்தால் வலது கைக்கு வீட்டுச் சுவர், இடது கைக்கு ஒரு சாண் அகல மண் வரப்பு, அதைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வேலி. அந்த வரப்பில் கணவர் இலையுதிர் காலத்தில் அறுபது கிழங்குகள் நட்டிருந்தார். சின்ன வெங்காயம் அளவுதான் இருக்கும். மண்டியிட்டு, ஸ்கேல் வைத்து அளந்து, ஒவ்வொன்றாகப் புதைத்தார். அவையெல்லாம் இப்போது பூத்திருந்தன. விரல் உயரத்தில் ஊதாப் பூக்கள், நடுவில் தீப்பொறி மாதிரி மஞ்சள். அவர் வேலைக்குக் கிளம்பும்போது அங்கே நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

வெள்ளிக்கிழமை காலை, அவர் போன சற்று நேரத்தில் போன் அடித்தது. மேலாளர்.

“ஹாரன், ஒரு உதவி. உங்க ரூட்ல ஓட்டுற பையனுக்குக் காய்ச்சல். திங்கக்கிழமை காலைல மட்டும் நீங்க எடுக்க முடியுமா? தாளைப் பிறகு பாத்துக்கலாம். உங்க கண்ணு பத்தி எனக்குத் தெரியாதா?”

“எடுக்குறேன் சார். இதுக்கெல்லாம் கேக்கணுமா?”

போனை வைத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமைக்குள் தோட்டத்தை முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு நேரம் ஏது? இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் இலையும் தண்டும் குவித்து, தெருக்கதவருகே கொண்டுபோய்க் கொட்டினாள். நடையில் பழைய வேகம் வந்திருந்தது.

காலி வண்டியோடு திரும்பும்போதுதான் பார்த்தாள். நாலைந்து பூக்கள் மண்ணோடு நசுங்கிக் கிடந்தன. ‘நாய்’ என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் ஒரு நாய் வளர்த்தான். அடுத்த நடை போய்த் திரும்பினாள். இப்போது ஏழெட்டுப் பூக்கள் கூடுதலாகப் போயிருந்தன. அதற்கடுத்த நடையில் பாதி வரிசையே படுத்துவிட்டது. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“தம்பி! உன் நாயைக் கட்டி வைக்க மாட்டியா? அவர் பிள்ளை மாதிரி வளத்த பூவுப்பா!”

எலெக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து விழுந்து, கால்கட்டோடு இரண்டு வாரமாக ஜன்னலோரத்திலேயே கிடந்தான். கண்ணாடியைத் தள்ளித் திறந்தான்.

“நாய் என் கட்டிலுக்கு அடியில தூங்குதுக்கா.”

“அப்ப யாரு வந்து மிதிச்சா? ஆவியா?”

அவன் தயங்கினான். “கோச்சுக்காதீங்க. நீங்கதான் வண்டிய ஏத்துறீங்க. வேணும்னுதான் ஏத்துறீங்களோன்னு நினைச்சு பேசாம இருந்தேன்.”

“நானா? நான் நடுப் பாதையில போறேன்ப்பா!”

“சரி, இப்ப ஒரு தடவ தள்ளுங்க. நான் சொல்றேன்.”

விளையாட்டு என்றுதான் தள்ளினாள். நேரே தெருக்கதவைப் பார்த்தபடி பத்தடி நடந்தாள். “நில்லுங்க” என்றான். நின்றாள். அவள் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. பாதை, சுவர், கதவு. எங்கும் ஓட்டையில்லை, இருட்டில்லை.

“இடது சக்கரம் எங்க இருக்கு, சொல்லுங்க?”

“செங்கல் மேல.”

“திரும்பிப் பாருங்கக்கா.”

தலையைத் திருப்பினாள். இல்லாத இடத்திலிருந்து வந்ததுபோல் பூக்கள் வந்தன. சக்கரத்தின் கீழே ஒன்று, பக்கத்தில் இரண்டு. தலையை நேராக்கினாள். பூக்கள் போய்விட்டன. அவை இருந்த இடத்தில் கறுப்பாக எதுவும் தெரிந்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். ஒன்றுமே குறையாத மாதிரி இருந்தது. நாலைந்து முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பின்படியில் போய் உட்கார்ந்தாள். பேருந்தின் இடப்பக்கம் ஏறுகிற பக்கம். காலையில் முப்பத்திரண்டு பிள்ளைகள் பையோடும் தண்ணீர்ப் புட்டியோடும் அந்தப் பக்கத்தில்தான் காத்து நிற்பார்கள். ஒரு குட்டிப் பெண் எப்போதும் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பாள். அவள் உயரம் அப்போது இந்தத் தள்ளுவண்டி அளவுகூட இருக்காது. நினைத்ததுமே எழுந்துவிட்டாள். உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. சமையலறைக்கும் பின்கதவுக்குமாக நடந்தாள். சோதனை அடுத்த வாரம்தான், திங்கட்கிழமை ஒரே ஒரு நாள், தலையைத் திருப்பித் திருப்பி ஓட்டினால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே கூசிப்போனாள். கைமண்ணைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தாள்.

“சார், திங்கக்கிழமை என்னால முடியாது.”

“என்னங்க இது, காலைல சரின்னீங்க? நான் வேற யாரைத் தேடுவேன்?”

“காலைல எனக்குத் தெரியாது. எனக்கு இடது பக்கம் கீழே தெரியல சார். தூணு நகரல. எனக்குத்தான் தெரியல.”

மேலாளர் மெல்லிய குரலில், “நான் கேட்டிருக்கவே கூடாது. முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றார்.

கணவர் மாலையில் வந்தபோது அவள் நசுங்கின பூக்களுக்கு முன்னால் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் பூவைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார்.

“ரெண்டு மாசமா இடது தோள கதவு நிலையில இடிச்சுக்கிற. தட்டுல ஒரு ஓரம் சாப்பாடு அப்படியே மிச்சமாகுது.”

“பாத்துட்டு ஏங்க சொல்லல?”

“அவசரத்துல இடிக்கிறன்னு நினைச்சேன். அப்படி நினைக்கத்தான் புடிச்சிருந்துச்சு.” அவர் தோளிலிருந்த பையை இறக்கிவைத்தார். “பயந்துட்டேன்மா.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தோட்டமெல்லாம் அதிரக் கத்தினாள். பிறகு இருவரும் அப்படியே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கோளாறு கண்ணில் இல்லை. குளிர்காலத்தில் எப்போதோ, தலைவலி என்று அவள் ஒரு நாள் படுத்திருந்தபோது, மூளைக்குப் போகும் சின்ன ரத்தக் குழாய் ஒன்று அடைத்திருந்தது. இனி அடைக்காமலிருக்க மருந்து கொடுத்தார்கள். “போன பார்வை அநேகமா திரும்பாதும்மா. வண்டி ஓட்டுறதை விட்டுடுங்க” என்றார் டாக்டர். அவளுக்கு டாக்டருக்குப் பின்னாலிருந்த பூந்தொட்டியில் காய்ந்த இலையைக் கிள்ள வேண்டும்போல் இருந்தது. கிள்ளியும் விட்டாள்.

பூக்களில் சில இரண்டு நாளில் நிமிர்ந்தன. பல நிமிரவில்லை. கிழங்கு உள்ளே நன்றாகத்தான் இருக்கும் என்றார் கணவர். தோட்ட வேலையை அவள் விடவில்லை. இப்போது ஒவ்வோர் அடிக்கும் தலையை இடதுபக்கம் திருப்பிப் பார்த்துக் களை எடுக்கிறாள். வேலை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொள்கிறாள். பாதியில் விட்ட ரோஜா பாதி உயரம், பாதி குட்டையாகத் துளிர்த்துவிட்டது.

இளவேனில் முடிவதற்குள் மேலாளர் அவளை அதே பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். முதல் நாள் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். காய்ச்சல் தெளிந்த அந்தப் பையன்தான் ஓட்டினான். திருப்பத்துக்கு வெகுமுன்பே அவள் வலது கால் தரையை அழுத்தியது.

“அக்கா, நீங்க பிரேக் மிதிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது” என்றான் அவன், கண்ணாடியில் பார்த்து.

“ரோட்டப் பாத்து ஓட்டுடா” என்றாள். அடுத்த நிறுத்தத்திலும் கால் அழுத்தியது.