வெளுத்து வாங்கும் ஜாக்குலின்

நாக்கை நீட்டிக் காற்றை ருசி பார்க்கிறார் ஜாக்குலின். உப்புக் கரித்தால் அது கடல் காற்று. கொடியில் போட்ட துணி பிசுபிசுத்துப் போகும். கரிக்காவிட்டால் நிலத்திலிருந்து வரும் மேல்காற்று, துணி மொறமொறவென்று காயும். "போடுங்கடி!" என்று ஒரு குரல் எழும்பும். வானிலை அறிக்கை அவ்வளவுதான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஈ.சி.ஆர். ஓரத்து உல்லாச விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் இவர் வீட்டுக் கொல்லையில்தான் வெளுக்கின்றன. விடுதி மதிலுக்கு இந்தப் பக்கம் சவுக்குக் கம்புகளை நட்டு நைலான் கயிறு கட்டியிருக்கிறார். கூட வேலை செய்யும் மூன்று பெண்களின் அடுப்பும் அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது.

இயற்கையிடம் இவருக்குத் தனிப் பாசம் ஏதுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் ஓடி ஓடிப் பக்கத்து வாழை மஞ்சளடித்திருக்கிறது. கேட்டால், "அதுவுந்தான் குளிக்கட்டுமே" என்பார். வெந்நீர் அடுப்பில் பழைய ரப்பர் செருப்பைத் திணிக்கவும் கூசமாட்டார். ஞாயிறு பூசைக்குக் கட்டும் வெள்ளைச் சேலையை மட்டும் வெளியாளிடம் வெளுக்கக் கொடுக்கிறார். "என் துணிய நானே தொவைச்சிக்கினா அப்பால எனக்கு இன்னா மரியாதி?"

இந்த 2008ஆம் வருஷம் விடுதி பசுமை விடுதியாகிவிட்டது. பூமி சூடாகிறதே என்று கவலைப்பட்டு அறைதோறும் ஓர் அட்டை வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்திலும் தமிழிலும்: 'துண்டைத் தொங்கவிடுங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்.' தொங்கும் துண்டைத் துவைக்கப் போடாமல் விருந்தினர் மறுநாளும் அதிலேயே துடைத்துக்கொள்ளலாம் என்பது பொருள். ஒரு தலையணை உறைக்குள் சிக்கி அட்டையொன்று ஜாக்குலினிடம் வந்து சேர்ந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

மாடி வைத்த புதுக் குடில்களை விடுதி கட்டிய பிறகுதான் வம்பு வந்தது. பால்கனியில் நின்றால் ஒருபுறம் கடல். மறுபுறம் ஜாக்குலினின் கொடி. மேலாளர் ஆதித்யா, வெளிநாட்டில் படித்த பிள்ளை, மதிலோரம் வந்து நின்றார். பசுமைச் சான்றிதழுக்காகச் சோதனை போட நாளை ஆட்கள் வருகிறார்களாம். கொடியை அவிழ்க்க வேண்டும். இனித் துணியை உலர்த்த மெஷின் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"பாதி நேரம் கரண்டே இல்ல சார். மிசினு எதுல ஓடும்?"

"ஜெனரேட்டர் வச்சுக்கோங்கம்மா."

"டீசல் ஊத்தியா? மேல ஒருத்தன் சும்மா காஞ்சிகினு கீறான், அவனுக்கு இன்னா பில்லா வருது?"

"கெஸ்ட்டுங்களுக்கு வியூ கெடுதும்மா. புரிஞ்சுக்கோங்க."

ஜாக்குலின் உள்ளே போய் அட்டையோடு திரும்பினார். "இது உங்க கார்டுதான நைனா? தொங்கவுட்டா பூமிய காப்பாத்தலாம்னு போட்டுகீது. நான் இன்னா பண்ணிகினு கீறேன்? தொங்கத்தான வுடறேன்!"

துவைத்துக்கொண்டிருந்த வரலட்சுமி சிரித்தேவிட்டாள். "யக்கா, சர்ட்டிபிகேட்ட உனக்குல்ல குடுக்கணும்!"

ஆதித்யா சிரிக்கவில்லை. காலையில் கொடி கண்ணில் பட்டால் சலவைக்குச் சென்னையிலிருந்து தினமும் வேன் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வேனும் பச்சை நிறமாக இருக்கும் போலும்.

காலையில் வரலட்சுமியிடம் சிரிப்பு இல்லை. "இன்னிக்கு ஒரு நாளு அவுத்துடலாம்க்கா. எங்க வூட்டு சோறுக்கா."

"இன்னிக்கு கயித்த அவுத்தா நாளைக்கு மிசினு. மிசினு வந்துட்சின்னா நீங்க மூணு பேரு எதுக்குடி?"

வரலட்சுமி துணிக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பால்கனியில் கோப்பும் கையுமாக நாலைந்து பேர் தெரிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று, வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார் ஆதித்யா. ஜாக்குலின் கூடையிலிருந்து இருப்பதிலேயே அகலமான விரிப்பை உருவி, ஓங்கி ஓர் உதறு உதறிக் கொடியில் போட்டார். மூலையில் தைத்திருந்த விடுதியின் பச்சை இலை முத்திரை உள்பக்கமாக விழுந்திருந்தது. விரிப்பை எடுத்தார். முத்திரை மாடியைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டு, நீவிவிட்டு, கிளிப்பைக் குத்தினார்.