மருதம்மாளின் நிறைந்த வாளி

மருதம்மாளுக்குக் காலில் புண். சிடாம் கிரி ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவளுக்குக் கால் போனால் எல்லாமே போச்சு. வேலைக்கு வராதவளுக்கு லயத்தில் வீடு கிடையாது, அரிசிக் கார்டும் கிடையாது. புருஷன் அய்யாவு காய்ச்சலில் செத்தபோது தோட்டம் கொடுத்தது சவப்பெட்டிக்கு நாலு பலகை. துரைக்குத் தெரிந்த தர்மம் அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் வேறு. லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டு வயிற்றுக்குப் போய்விடுமாம், ஒரு பிடி சோற்றைக்கூட வேலிக்கு வெளியே விடமாட்டார்கள். வீட்டைப் பிடுங்கினால் அவள் எங்கே போவாள்?

அதனால் நொண்டி நொண்டி வெட்டினாள். பாதி மரம் முடிப்பதற்குள் வெயில் ஏறி பால் நின்றுவிட்டது. வாளியில் அடிமட்டம்தான்.

பக்கத்து நிரையில் மரம் வெட்டும் வெள்ளச்சி வந்தாள். “என்னாடி மூஞ்சி இது? அய்யாவு இன்னைக்குத்தான் செத்தானா?” என்றபடி தன் வாளியைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றினாள். “எவகிட்டயும் மூச்சு விடாத.”

வாளியைப் பாதையோரம் வைத்துவிட்டு மருதம்மாள் ஓடையில் புண் கழுவப் போனாள். திரும்பினால் வாளி தளும்புகிறது. யார் ஊற்றியது? ஒருத்தியையும் காணோம். கொட்டவும் மனசில்லை, தூக்கவும் பயம்.

ஸ்டோரில் பாலை எடை போட்டுக் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதி புருவத்தைத் தூக்கினார். “ஏம்மா, இன்னைக்கு நீதான் முதல் ஆளு! காலு தேறிடுச்சுலா. நாளைக்கு மேட்டுக்காட்டுக்குப் போயிரு.”

மேட்டுக்காடு காட்டை ஒட்டியது. நல்ல காலுள்ளவர்களே போகப் பயப்படும் இடம்.

“ஐயா, அது என் பாலு இல்ல.”

“திருடுனியா?”

“ஊத்துனாங்க.”

வரிசையில் நின்ற வெள்ளச்சி, பின்னால் நின்ற பிரேமாவதி பக்கம் திரும்பினாள். “மூதேவி, நீயும் ஊத்துனியா?”

“நீ ஊத்துனது எனக்கு எப்படிடி தெரியும்? நான் அரை வாளி ஊத்திட்டேனே!”

“அரை வாளியா? அறிவு கெட்டவளே, ஒரு நொண்டி எப்படிடி அவ்வளவு வெட்டுவா?”

வரிசையே சண்டையில் இறங்கியது. ஊற்றாதவள் ஒருத்தியும் இல்லை என்பது அதில்தான் வெளியே வந்தது. கிராணிக்கு முகம் சிவந்தது. இத்தனை பேரையும் வேலையை விட்டு நிறுத்தினால் நாளைக்கு மரம் வெட்ட யார் இருக்கிறார்கள்?

“துரை காதுக்குப் போனா நான் பொறுப்பில்ல,” என்று முணுமுணுத்து அடுத்த வாளியை இழுத்தார்.

மறுநாள் விடிகாலை பேர் கூப்பிடும்போது மருதம்மாளால் நிற்க முடியவில்லை. எல்லாப் பேரும் முடிந்து, கடைசியில் அவள் பேர்.

“மருதம்மா, பழைய நிரை.”

மேட்டுக்காட்டுக்கு வேறொருத்தி பேர் போயிருந்தது. அவள் மருதம்மாளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நடந்தாள். வெள்ளச்சி பின்னால் வந்து இடித்தாள்.

“இன்னைக்கு நான் மட்டும்தான் ஊத்துவேன். வெரசா புண்ண ஆத்துடி.”

“நானா ஆறாதன்னு சொல்றேன்?” என்று சீறிவிட்டு, மருதம்மாள் துரை பங்களாப் பக்கம் பார்த்துக்கொண்டே நொண்டினாள்.