பூரணியின் ஆங்கிலச் சண்டை

கந்தப்பளைக்கு மேலே இருக்கும் அந்தச் சர்வதேசப் பாடசாலையின் பெயர்ப்பலகையில் ‘இருமொழிக் கல்வி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த இரண்டு மொழியும் பிள்ளைகளுக்கு மட்டும்தான். நேர்சரி ஆயா பூரணிக்கும், கேட்டில் நிற்கும் வாச்சர் அழகனுக்கும் பாடசாலை வளவுக்குள் ஆங்கிலம் ஒன்றே. இருவரும் புருஷன் பெண்டாட்டி.

இந்தச் சட்டம் வந்ததே அழகனால்தான். டாக்டர் வீட்டுச் சிங்களப் பையன் ஒருவன், ஆசையாகக் கொஞ்ச வந்த சொந்த அத்தையை, அழகன் கேட்டில் நாய் விரட்டும் தமிழைக் கேட்டுப் பழகி, அதே தமிழில் விரட்டிவிட்டான். அன்றைக்கே சட்டமும் வந்தது, முதல் எச்சரிக்கையும் வந்தது. இரண்டாவது பூரணிக்கு. காலில் அட்டை கடித்தபோது “ஆத்தாடி!” என்று அலறிவிட்டாள். அட்டை கடித்தால் ஆங்கிலத்தில் எப்படி அலறுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இருவரில் யாருக்காவது மூன்றாவது முறை வாய் தவறினால், மகள் கிருஷாந்திக்குக் கொடுத்திருக்கும் இலவச இடம் போய்விடும் என்று அதிபர் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பூரணியின் ஆங்கிலம் முழுக்க, ஜொய்சி டீச்சர் நாலு வயதுப் பிள்ளைகளிடம் பேசக் கேட்டது. அழகனுடையது கேட்டுக்கு வேண்டிய அளவு. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை காலை அழகன் வேலைக்குப் போன பிறகுதான், தம்பி கட்டாரிலிருந்து அனுப்பிய ரைஸ் குக்கரைக் காணோம் என்று பூரணி கண்டாள். நேற்று அழகன் டயகமவில் தன் தங்கச்சி வீட்டுக் குடிபுகலுக்கு ஒரு பெரிய பையோடு போனது ஞாபகம் வந்தது. அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மகளை இழுத்துக்கொண்டு பாடசாலைக்கு நடந்தாள்.

கேட்டில் வான்கள் வரிசையாக நின்றன. அதிபர் அம்மா வாசலில் நின்று பெற்றோரை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

“குட் மோர்னிங், மேடம்,” என்றான் அழகன்.

“வெரி நாட்டி!” என்றாள் பூரணி. “ரைஸ் குக்கர். ஹூ டுக்? டெல் த ட்ரூத்!”

அழகனுக்கு விளங்கிவிட்டது. “நோ பார்க்கிங், மேடம். மூவ், ப்ளீஸ்.”

“யுவர் சிஸ்டர் ஹவுஸ்?”

“ஐ டோன்ட் நோ. ஆஸ்க் ஒஃபிஸ், மேடம்.”

“ஷேரிங் இஸ் குட். பட் ஆஸ்க் ஃபர்ஸ்ட்!”

இதோடு பூரணியின் ஆங்கிலம் தீர்ந்துபோனது. கோபம் தீரவில்லை. தொண்டையில் தமிழ் முட்டிக்கொண்டு வந்தது. அதிபர் அம்மா திரும்பிப் பார்த்தார். அழகன் பெண்டாட்டியின் திறந்த வாயைப் பார்த்தான். பக்கத்தில் புத்தகப் பையோடு நின்ற மகளைப் பார்த்தான்.

“ஸாரி!” என்று கத்தினான். “ஐ ஆம் ஸாரி, மேடம்!”

பதினோரு வருடக் குடித்தனத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததே இல்லை. பூரணி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் ஜொய்சி டீச்சரின் வகுப்பில், ஸாரி சொன்னவருக்குக் கை கொடுத்தே ஆகவேண்டும். “ஷேக் ஹேண்ட்ஸ்!” என்று வான்களிலிருந்து இறங்கிய நேர்சரிப் பிள்ளைகள் மொத்தமாகக் குதித்தன. சிங்களப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சீனத்துப் பிள்ளையும் ஒரே குரலில் கேட்டால் என்ன செய்வது? பாதி ஊர் பார்த்திருக்க, புருஷனும் பெண்டாட்டியும் கை குலுக்கினார்கள். பூரணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“வெரி குட் இங்கிலிஷ்,” என்று சொல்லிவிட்டு அதிபர் அம்மா உள்ளே போனார். மகளின் இடம் தப்பியது.

பாடசாலை விட்டது. கேட்டைத் தாண்டியதும், அன்று முழுவதும் மனதுக்குள் கூட்டி வைத்திருந்த தமிழோடு பூரணி அழகன் முன்னால் நின்றாள்.

“இந்தாங்க, காலைல சொன்னீங்களே, அது புள்ள எடத்துக்காகச் சொன்னதா, எனக்குச் சொன்னதா?”

“எடத்துக்குத்தான்,” என்றான் அழகன். பொய் சொல்ல வராத மனுஷன்.

பூரணி விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அழகன் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்தான். பிறகு அவன் குரல் மட்டும் வந்தது.

“ஒந் தம்பி ஆசையா அனுப்புன சாமான். ஒன்னய ஒரு வார்த்த கேட்டிருக்கணும், பூரணி. தப்புதான்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். நாள் முழுக்கத் தேடித் தேடிச் சேர்த்த அவ்வளவு நல்ல வசவுகளும் வீணாய்ப் போனதே என்று கொஞ்சம் வருத்தமும் இருந்தது.