கொலைகாரன் பிடிபடாத பிரெஞ்சுப் படம்

வீடியோ கசட் வாடகைக்கு விடுகிறவன் படம் பார்ப்பதில்லை. பார்த்தவர்களின் முறைப்பாட்டைத்தான் கேட்பான். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கினவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

பெட்டி ஒன்று, படம் வேறு

எண்பதுகளின் கடைசியில் லண்டன் வெம்பிளியில் என் கடை. ஒருநாள் கைதவறி, தமிழ்ப்படப் பெட்டிக்குள் ஒரு பிரெஞ்சுக் கொலைப் படத்தை வைத்து, அறைகள் வாடகைக்கு விடும் பாக்கியமக்காவிடம் கொடுத்துவிட்டேன். பாரிசில் யாரோ டிவியிலிருந்து பதிந்தது. அந்த நாட்டுப் பதிவு எங்கள் மெஷினில் கறுப்பு வெள்ளையாய்த்தான் ஓடும். சின்னக் கிராமம், ஒரு பிணம், ஆளையாள் சந்தேகிக்கும் சனம். கொலைகாரன் பிடிபடுமுன் கசட் முடிந்துவிடும்.

திட்டு வாங்கத் தயாராய் நின்றேன். அக்கா கசட்டை மேசையில் வைத்தார்.

"பாட்டுமில்லை, ஒரு சொல் விளங்கவுமில்லை அண்ணை. ஆனா எனக்கு அந்த மருந்துக்கடைக்காரனிலதான் சந்தேகம்."

நோட்டுப்புத்தகக்காரன்

அந்தக் கசட் வெம்பிளி முழுக்கச் சுற்றியது. கொலைகாரன் யார் என்ற வாக்குவாதத்தில் இரண்டு கல்யாணப் பேச்சுகள் குழம்பின. கேட்பவர் நல்லவராய் இருந்தால் மூன்று என்பேன்.

அக்கா வீட்டுச் சின்ன அறையில் சிவம் என்றொருவர் இருந்தார். பாரிசில் சாப்பாட்டுக் கடையொன்றில் மூன்று வருடம் கோப்பை கழுவிவிட்டு வந்தவர். காண்கிறவர்களிடமெல்லாம் எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்று கேட்டு நோட்டுப்புத்தகத்தில் எழுதுவார். அந்த நேரம் பார்த்து, அதே தெருவில் ஒருவருக்கு இமிகிரேசனிலிருந்து கடிதம் வந்தது. போதாதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் அக்கா. கசட் மாற்ற வந்த ஒருவர் என் காதுக்குள் சொன்னார்:

"எல்லாத்தையும் எழுதுறான் அண்ணை. நீங்களும் வாயைக் கவனியுங்கோ."

வெறும்பெட்டி கேட்டு வந்தவர்

சாமான் கட்ட வெறும்பெட்டி கேட்டு சிவம் கடைக்கு வந்தார். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன எழுதுறீர்?" என்றேன். பிரிந்துபோன தம்பியைத் தேடுகிறாராம். அவன் லண்டனில் என்று மட்டும் கேள்வி. தம்பியின் பேரைச் சொல்லிக் கேட்டால் என்ன என்றேன்.

"அவன் வேற பேரில வந்திருந்தா, நானெல்லோ அண்ணை அவனைக் காட்டிக்குடுத்ததா முடியும்."

நகராத படம்

நான் பெட்டி கொடுக்கவில்லை. அக்காவிடம் போய், சிவம் அந்தப் படத்தைப் பாரிசில் மூன்றுதரம் பார்த்தவர், கொலைகாரனை அவருக்குத் தெரியும் என்று ஒரு போடு போட்டேன். மனிதர் அதைப் பார்த்ததேயில்லை. அன்றைக்கே அவருக்குப் புட்டும் சம்பலும் போனது. அவரும் லேசுப்பட்டவரா? கசட்டைப் போட்டு, முதலிலிருந்து வசனம் வசனமாக நிறுத்தித் தமிழில் சொன்னார். ஞாயிறு கடந்துவிட்டது, படம் பாதிகூடத் தாண்டவில்லை.

படத்தில் ஊரே சந்தேகிக்கும் ஒருவன் பேசாமல் இருந்தான். "இவன் வாயைத் திறந்தா என்ன?" என்றார் அக்கா. "திறந்தா இன்னொருத்தனுக்குக் கரைச்சல் வரும் அக்கா" என்ற சிவம், கசட்டை நிறுத்திவிட்டுத் தன் கதையைச் சொன்னார். அக்கா அவர் முகத்தையே பார்த்தார். தென் லண்டனில், ஸ்ட்ரெதம் பெற்றோல் ஷெட்டில் வேலைசெய்யும் ஒரு பெடியனுக்கு இதே மூக்கு என்றார். மறுநாள் போனார்கள். பேர் வேறு, மூக்கு அதேதான்.

அண்ணனும் தம்பியுமாக எனக்கு லட்டுப் பெட்டி கொண்டுவந்தார்கள். பின்னாலேயே வந்த அக்கா சிவத்தை மறித்தார்.

"உம்மட தம்பி கிடைச்சிட்டான். கொலை செய்தது ஆரெண்டு இப்பவாவது சொல்லும்."

அந்தக் கசட் இன்னும் பத்து நிமிடம் ஓடி ஒரு கொலைகாரன் பிடிபட்டிருந்தால், ஒரு நல்ல மனிதர் தெருவில் நின்றிருப்பார் என்பதால், அதை அரைகுறையாய்ப் பதிந்த முகம் தெரியாத அந்தச் சோம்பேறிக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டவன்.