சொட்டுத் தண்ணீர்ப் புதினா

கறிக்கடைச் சந்தின் முனையில் ஒரு நிமிடம் நின்று, கைப்பையிலிருந்து இரண்டு புதினாக் கொழுந்தை எடுத்துக் கசக்கி, முகத்திரைக்குள் மூக்கருகே செருகிக்கொண்டுதான் கௌஸியா பாஜி அடுத்த அடி வைப்பார். சந்தைத் தாண்டியதும் அதை எடுத்து வாயில் போட்டு மென்றுவிடுவார். பக்கத்து வீட்டுக்காரி நான் முகத்தைச் சுளித்தால், "மூக்கு வேலை முடிஞ்சுது, இனி வயித்து வேலை. எதுக்கு மா வீணாக்கணும்?" என்பார்.

பாஜி என்றால் அக்கா. தொழில், புடவைக்கு ஃபால் தைப்பது. யாகுத்புராவில் எங்கள் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் அவரிடம்தான் கொடுப்பார்கள். தைத்து முடித்த புடவையை மடிக்கும்போது நடுவில் காய்ந்த புதினாக் கொத்து ஒன்றை வைத்துவிடுவார். கல்யாண வீட்டில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அது பாஜியின் தையல்தான் என்று வாசனையே சொல்லிவிடும். அரிசி டின்னில் வண்டுக்காகக் காய்ந்த இலை. ரஜாய்ப் போர்வை மடிப்பில் பூச்சிக்காக இலை. குடிதண்ணீர்ப் பானையில் எதற்கென்று இல்லாமல் இலை. ஆய்ந்த தண்டைக்கூட எறிய மாட்டார். கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் தரையைத் துடைத்தால் எறும்பு வராதாம். எறும்பு வரத்தான் வருகிறது. கேட்டால், "வருது. ஆனா சந்தோசமா வர்றதில்ல" என்கிறார். இப்படிப் பேசுகிறவரிடம் என்ன வாதாடுவது?

அவர் கணவர் ஹபீப் பாய் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நல்ல மனிதர். வயிற்றில் வாயு என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து காய்ந்த புதினாவும் கறுப்பு உப்பும் கலந்த பொடியைத் தினமும் விழுங்கிக்கொண்டிருக்கிறார். புதினா போடாத தேநீர் குடிக்க முக்குக் கடைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். நான் ஏன் காட்டிக்கொடுக்கப் போகிறேன்?

செடி இருப்பது முற்றத்தில், பழைய வாஷிங் மெஷினின் உள்தொட்டியில். மெஷின் பழைய இரும்புக்காரனுக்குப் போனபோது, சுற்றிலும் ஓட்டை இருக்கிறதே, தண்ணீர் தேங்காதே என்று அந்தத் தொட்டியை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டார். இலை யார் கேட்டாலும் கொடுப்பார். ஆனால் கிள்ளுவது அவர் கைதான், அதுவும் நுனி மட்டும். அவசரத்துக்கு நான் ஒரு நாள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். "கத்திரி நக்கோ மா! மொட்டையடிச்சா அது மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும், அப்புறம் தழையவே தழையாது" என்று கையைத் தட்டிவிட்டார்.

அந்தத் தொட்டி முற்றத்தின் மூலையில், சரியாக மாடி ஏசியின் குழாய்க்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் சந்தின் போர்த் தண்ணீர் அத்தனை உப்பு, ஊற்றினால் இலை ஓரம் கருகிவிடும். குடிதண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது, அதைச் செடிக்கு ஊற்ற மனம் வராது. ஏசி சொட்டும் தண்ணீர்தான் அந்தப் புதினாவுக்கு ஒத்துக்கொண்டது.

அந்த ஏசி நிகத்துடையது. நிகத், ஹபீப் பாயின் தம்பி மனைவி. தம்பி ஜித்தாவில் வேலை பார்க்கிறான், அவள் மாடியில் தனியாக இருக்கிறாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு விருந்தில், பாஜி தன் கையால் இறக்கிய பிரியாணியை நிகத் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, விருந்தாளிகள் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "என்ன பாஜி, ஆட்டைப் போட மறந்துட்டு ஆட்டோட தீனியைப் போட்டுட்டீங்களா?" சபையே சிரித்தது. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். புதினா கொஞ்சம் அதிகம்தான். பாஜிக்கு முகம் செத்துவிட்டது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றால் வாய் நின்றதாக அர்த்தம் இல்லை. பாஜி காலையில் தொட்டியருகே குந்திக்கொண்டு, மாடிக்குக் கேட்கிற குரலில் புதினாவைத் திட்டுவார். நேரம் கழித்து எழுந்திருக்கிறாயாமே, தலை வாரினால் முடியை என் முற்றத்தில் உதிர்க்கிறாயாமே என்று. புதினாவுக்கு ஏது தலைமுடி? மாடியில் நிகத் தன் பூனையைப் பிடித்து, வயதாக ஆக உனக்கு வாய் நீளுகிறது என்று பதில் கொடுப்பாள். நான் துணி உலர்த்துகிற சாக்கில் இரண்டையும் கேட்பேன்.

இந்த மே மாதம், கொளுத்துகிற வெயிலில் சொட்டு நின்றுபோனது. முதல் நாள் பாஜி குழாயை அண்ணாந்து பார்த்தார். அடுத்த நாள் துடைப்பக் குச்சியால் குத்திப் பார்த்தார். அதற்கடுத்த நாள் தொட்டியிடம், "உன்னைக் கொல்லணும்னே நிறுத்தியிருக்கா. நீ என்ன பண்ண அவளுக்கு?" என்று உரக்கக் கேட்டார். மாடியில் பூனை திட்டு வாங்கவில்லை. வேறு வழியின்றிப் போர்த் தண்ணீரை ஊற்றினார். இரண்டே நாளில் இலை ஓரமெல்லாம் காப்பிப்பொடி நிறமாகிவிட்டது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் கால் ஓடவில்லை அவருக்கு. எழுந்து எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

கடைசியில் என்னிடம், "உனக்கு மாடியில ஏதாவது வேலை இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "இருக்கும், யோசிச்சுப் பாரு" என்றார்.

போனேன். நிகத் இரண்டு ரஜாயைப் போர்த்திக்கொண்டு, அந்த வெயிலில் பல் கிட்டிக் கிடந்தாள். குளிர் ஜுரம். ஏசி அணைந்து கிடந்தது. வாய் வேப்பெண்ணெய்க் கசப்பாம், மருந்து தவிர வேறு எதுவும் உள்ளே தங்கவில்லையாம். கீழே ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்றேன். "யாருக்குக் குடுக்கறது? கீழ புதினாவுக்குத்தானே காது இருக்கு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இறங்கி வந்து சொன்னேன். பாஜி உள்ளே போய்த் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்தார். தொட்டியருகே குந்தி, கருகாமல் மிஞ்சியிருந்த பச்சையை எல்லாம், நுனி நடு என்று பார்க்காமல், மண்ணோடு ஒட்ட வெட்டிவிட்டார். இந்த வெயிலில் மொட்டையடித்தால் செடி அவ்வளவுதானே என்று எனக்கு வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். கருகின ஓரங்களைக் கிள்ளி எறிந்து, இஞ்சியும் எலுமிச்சையும் வைத்துத் துவையல் அரைத்தார். குழையக் கிச்சடி வைத்தார். மாடியிலிருந்து பால்காரனுக்காகத் தொங்குகிற கயிற்றுக்கூடையில் இரண்டையும் மூடி வைத்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஆடு இல்லாம வெறும் தீனியா பாஜி?" என்றேன்.

"ஆடு மேல படுத்திருக்கு. தின்னட்டும்" என்று சொல்லிவிட்டு, பால்காரன் இழுப்பது போலக் கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தார். வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. நாங்கள் இருவரும் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அது தடுக்கித் தடுக்கி மேலே ஏறியது. சாயங்காலம் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களோடு இறங்கியது. அன்றிலிருந்து தினமும் கூடை போனது, வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. துவையலுக்குச் சந்தைப் புதினாதான். அதை வாங்கும்போதெல்லாம் பாஜி, செத்துப்போனவர் வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். முற்றத்துத் தொட்டியில் வெறும் குச்சிகள் நின்றன. அந்தப் பக்கம் அவர் பார்ப்பதில்லை.

இன்று காலை நான் ஃபாலுக்குப் புடவை கொடுக்கப் போயிருந்தேன். முற்றத்தில் டக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து இன்னொன்று. பாஜி ஊசியைப் பல்லில் கடித்தபடியே எழுந்து போனார், பின்னாலேயே நானும் போனேன். ஏசி சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தோம். மாடி அறையின் ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தது, திரை வெளியே பறந்துகொண்டிருந்தது. அறையில் யாரும் இல்லை. நிகத் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே பால்கனியில், இளவெயிலில் உட்கார்ந்திருந்தாள். குளிர் இன்னும் முழுக்க விட்டிருக்காது. எங்களைப் பார்க்காதது போலப் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பாஜி ஊசியை வாயிலிருந்து எடுத்துச் சோளியில் குத்திக்கொண்டார். தொட்டியிடம் ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"நிகத், ஜன்னலையாவது சாத்து மா. கரண்டு போகுது பாரு" என்றார்.

மாடியில் நாற்காலி நகர்ந்தது, ஜன்னல் சாத்திக்கொண்டது. சொட்டு தொட்டியின் விளிம்பில் பட்டு வெளியே தெறித்துக்கொண்டிருந்தது. பாஜி காலால் தொட்டியை ஒரு விரற்கடை தள்ளிவைத்து, அடுத்த சொட்டு குச்சிகளின் நடுவில் விழுகிற வரை அங்கேயே நின்றார்.